கிணற்று ஊற்றில் வரும் கண்ணில்லாக் கெளுத்தி

கேரளத்தில் கிணறு தூர் வாரும்போதும், மோட்டார் போட்டுத் தொட்டிக்கு நீர் ஏற்றும்போதும் சில வேளைகளில் சிவப்பாகப் புழுப் போன்ற ஒன்று வந்து விழுவதுண்டு. புழு என்று எண்ணிப் பலர் வீசிவிடுவார்கள். உண்மையில் அது கெளுத்தி வகையைச் சேர்ந்த மீன். வாயைச் சுற்றியுள்ள நான்கு இணை மீசைகளைக் கொண்டு அடையாளம் காணலாம்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இம்மீனுக்குக் கண் கிடையாது. தோலில் நிறமும் இல்லாததால் உள்ளே ஓடும் இரத்தமே சிவப்பாகத் தெரிகிறது. நிலத்தடி இருட்டிலேயே வாழும் உயிருக்குக் கண் எதற்கு?

இதன் சொந்த வீடு கிணறு அன்று. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பரந்து கிடக்கும் செம்புரைக்கல் படுகை. வெட்டுக்கல் என்று அங்கே வீடு கட்டப் பயன்படுத்துவது இதைத்தான். வெட்டும்போது மெதுவாக இருக்கும். காற்றுப் பட்டதும் கெட்டிப்படும். கல்லுக்குள் துளைகளும் புழைகளும் ஏராளம். மழைநீர் இறங்கி அவற்றில் தங்குகிறது. அந்நீரே ஊற்றாகக் கிணற்றுக்கு வருகிறது. மீனும் அவ்வழியே வந்துவிடுகிறது.

ஹோராகிளானிஸ் எனப்படும் இப்பேரினத்தின் முதல் இனம் கோட்டயம் பகுதிக் கிணற்றிலிருந்து 1950-இல் விவரிக்கப்பட்டது. 2004, 2012 ஆண்டுகளில் மேலும் இரண்டு. நான்காவதான ஹோராகிளானிஸ் பாப்புலை 2023-இல் சேர்ந்தது. தோற்றத்தில் இவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் மரபணுக்களை ஒப்பிட்டே பிரித்தறிய வேண்டியிருந்தது.

'பாப்புலை' என்றால் 'மக்களுடைய' என்று பொருள். பொருத்தமான பெயர்தான். பாறைப் புழைக்குள் யார் வலை வீச முடியும்? கிணற்றுச் சொந்தக்காரர்கள் தந்த தகவலும் மீனும் இல்லையேல் இந்த ஆராய்ச்சியே நடந்திராது.

கிணற்றடியில் கழுவி ஊற்றும் பூச்சிமருந்து முதலில் சேர்வது இந்தப் புழைகளில்தான். மீன் குடிக்கும் அதே நீரை வீட்டாரும் குடிக்கிறார்கள். ஆகவே தெளிப்பானைக் கிணற்றருகே கழுவக்கூடாது. கொசுப்புழுவை ஒழிக்க வேற்று மீன்களைக் கிணற்றில் விடுவதும் நல்லதன்று. பிளீச்சிங் பவுடர் போடுவதைக் குறை சொல்ல முடியாது. குடிநீருக்கு அது தேவை. ஆனால் அளவு மீறக்கூடாது.

அப்பகுதியில் இம்மீன் கிடைத்தால், அதே கிணற்று நீர் உள்ள பாத்திரத்தில் விட்டு நிழலில் மூடி வைத்து, கொச்சியிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கலாம். நகராட்சிக் குழாய்நீரில் விடவேண்டாம். அதிலுள்ள குளோரின் மீனைக் கொன்றுவிடும்.