எம்.டி., டி.என்.பி., எம்.இ.எம்... எமர்ஜென்சி மெடிசின் சீட் எடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

குமரி மாவட்டத்தில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எமர்ஜென்சி மெடிசின் படிக்க நினைப்பவர்களுக்கு முதல் குழப்பமே படிப்பின் பெயர்தான். 2009-ல்தான் இது இந்தியாவில் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. அதனால் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போல எங்கும் சீட் இருக்காது.

எம்.டி., டி.என்.பி. இரண்டுமே 3 வருடப் படிப்பு, நீட் பி.ஜி. ரேங்க் வேண்டும். எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ. செட் என்று தனித் தேர்வு.

சிக்கல் எம்.இ.எம்.மில்தான். தனியார் மருத்துவமனைகள் நடத்தும் இந்தப் படிப்புக்கு நீட் பி.ஜி. தேவையில்லை, கை நிறைய கேஸ் பார்க்கலாம். ஆனா தேசிய மருத்துவ ஆணையம் இதை முதுநிலைப் பட்டமாக ஏற்பதில்லை. மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகும் ஆசை இருந்தால், 3 வருஷம் போன பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

சரி, இரண்டு எம்.டி. சீட் கையில் இருந்தால்? கல்லூரிப் பெயரை விட அங்குள்ள காஷுவாலிட்டியைப் பாருங்க. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது பி.ஜி. மாணவரா, இல்லை மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுகிறார்களா? ஸ்கேன் மெஷின் எமர்ஜென்சி வார்டிலேயே இருக்கா? ராத்திரி 2 மணிக்கு சீனியர் பக்கத்தில் இருப்பாரா, போனில்தானா? ஐ.சி.யூ., குழந்தைகள் பிரிவில் எத்தனை மாதம் போடுவார்கள்? நான்கு வழிச்சாலை விபத்து, ரப்பர் தோட்டத்துப் பாம்புக்கடி, கடலில் மூழ்கியவர் என எல்லாம் வரும் ஊரில் வேலை பார்க்கப் போகிறவருக்கு இதுதான் முக்கியம்.

இதெல்லாம் கையேட்டில் இருக்காது. அங்கே இறுதியாண்டு படிப்பவரிடம் கேளுங்க. கூடவே பாண்ட் எத்தனை வருஷம், சீட்டை விட்டால் அபராதம் எவ்வளவு என்பதையும் சேர்வதற்கு முன்பே எழுத்தில் பார்த்துவிடுங்க.