ஏலக்களத்தில் பயிலும் மாணவர்கள்

டிஜிட்டல் மார்க்கெட்டிங்கைத் தொழிலாகத் தேர்ந்துகொள்ளும் கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல் விரைவில் பழையதாகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கூகுளின் விளம்பரச் சேவை 2018இல் கூகுள் ஆட்ஸ் என மாறியதும், இணையதள வருகைகளை அளக்கும் கூகுள் அனலிடிக்ஸ் கருவியின் பழைய வடிவம் 2023 ஜூலையில் கைவிடப்படத் தொடங்கியதும் இதற்குச் சான்றுகள்.

எனவே செய்முறைப் பயிற்சியே முதன்மை பெறுகிறது. 2008இல் கூகுள் தொடங்கிய மாணவர் போட்டியில் ஒவ்வொரு குழுவுக்கும் 200 டாலர் விளம்பர நிதி அளிக்கப்பட, மாணவர்கள் உண்மையான ஒரு சிறு நிறுவனத்துக்காக மூன்று வாரம் விளம்பரம் நடத்தினர்.

இத்தகைய பயிற்சியில் மாணவர்கள் முதலில் எதிர்கொள்வது விளம்பர இடத்துக்கான ஏலம். ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும் கணநேரத்தில் நடக்கும் இதில் மிகுதியான தொகை கேட்டவரே வெல்வார் என்பதில்லை; விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, சொடுக்கியதும் திறக்கும் பக்கம் பயன்படுகிறதா என்பனவும் மதிப்பிடப்படுகின்றன. ‘காலணி’ என்ற பொதுச்சொல்லுக்குப் போட்டி மிகுதி என்பதால் ‘மலையேற்றக் காலணி’ போன்ற குறிப்பான தொடர்களையும், ‘இலவசம்’, ‘வேலைவாய்ப்பு’ என வாங்கும் நோக்கமற்ற தேடல்களை ஒதுக்கும் விலக்குச்சொற்களையும் திரட்டுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் நிதி வீணாவதைத் தடுப்பது பெரும்பாலும் அதுவே.

கூகுளும் மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனமான ஹப்ஸ்பாட்டும் இலவசமாக வழங்கும் சான்றிதழ்கள் அடிப்படை அறிவைக் காட்டுமே தவிர, அனுபவத்துக்கு ஈடாகா. எடுத்துக்காட்டாக, விளம்பரம் 1,000 முறை தோன்றி 50 பேர் சொடுக்கினால் சொடுக்கு விகிதம் 5 விழுக்காடு. அந்த 50 பேரில் ஒருவரும் வாங்காதபோது, பிழை விளம்பர வாசகத்திலா, விலையிலா, கட்டணப் பக்கத்திலா என்று தரவுகளிலிருந்து தேடிச் சொல்லத் தெரிந்தவரையே நிறுவனங்கள் நாடுகின்றன.