செவியால் கற்ற மேதை: ஹெல்முட் வால்க்கா

ஐரோப்பிய நகரங்களில் வாழும் எம்மவர் தேவாலயங்களைக் கடந்து செல்லாத நாளில்லை. அவற்றுட் பலவற்றின் உள்ளே, மேல்மாடத்தில், உலோகக் குழாய்கள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். அதுவே ஓர்கன். எமக்குப் பழக்கமான ஆர்மோனியத்தைப் போல இதுவும் காற்றினால் ஒலிப்பதே. ஆயினும் பெரிய ஓர்கனொன்றில் ஆயிரக்கணக்கான குழாய்கள் உண்டு. புல்லாங்குழலைப் போல விளிம்பிற் காற்று மோதி ஒலிப்பன ஒரு வகை; உலோக நாக்கு அதிர்ந்து ஒலிப்பன மறுவகை. கைகளுக்குரிய கட்டை வரிசைகளோடு கால்களுக்கும் தனியே ஒரு வரிசை உண்டு.

கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் இவ்வாத்தியத்தின் ஒலி பெருகுவதில்லை. சுரத்தை எக்கணத்தில் தொடங்குவது, எக்கணத்தில் விடுவது, எக்குழாய்த் தொகுதியைத் தெரிவு செய்வது என்பனவற்றிலேயே கலைஞனின் திறமை முதன்மையாகத் தங்கியுள்ளது. இத்திறமையின் சிகரத்தைத் தொட்டவர்களுள் ஒருவர் ஜேர்மனியரான ஹெல்முட் வால்க்கா.

1907ஆம் ஆண்டு லைப்சிக் நகரிற் பிறந்த வால்க்கா, பெரியம்மைத் தடுப்பூசியைத் தொடர்ந்து ஏற்பட்ட பாதிப்பினால் பதின்ம வயதிலேயே பார்வையை இழந்தார். இசைமேதை பாக் 1723 முதல் 1750இல் மறையும் வரை பணியாற்றிய நகரம் அது. அங்கே குந்தர் ராமினிடம் பயின்ற வால்க்கா, 1929இல் பிராங்பேர்ட் நகருக்கு வந்து தேவாலய ஓர்கன் கலைஞரானார். பின்னர் அந்நகரின் இசைக் கல்லூரியிற் பேராசிரியராகவும் விளங்கினார்.

பார்வையற்றவர் இத்துணைச் சிக்கலான இசையைக் கற்றது எங்ஙனம்? பாக்கின் படைப்புகளிற் பல குரல்கள் ஒரே வேளையில் இயங்கும். ஒரு குரல் தொடங்கிய கருத்தை அடுத்தது ஏற்கும். மூன்றாவது வந்து இணையும். முன்னையது அடங்கிப் போவதில்லை. தன் வழியே தொடர்ந்து செல்லும். வால்க்காவின் தாயாரும், பின்னாளில் மனைவியாரும் இக்குரல்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே வாசித்துக் காட்டினர். அவர் ஒவ்வொன்றையும் முழுமையாக மனத்திற் பதித்து, பின்னர் அனைத்தையும் தம் உள்ளத்திலேயே ஒன்று சேர்த்தார். பாக்கின் ஓர்கன் படைப்புகள் அனைத்தும் இவ்வாறே அவர் நினைவிற் குடிகொண்டன.

அவர் வாசிப்பின் தெளிவுக்கு இதுவே மூலகாரணம் என்பது எமது துணிபு. தாளைப் பார்த்துக் கற்பவருக்குப் பல குரல்களும் ஒரே தொகுதியாய்க் கண்முன் நிற்கின்றன. வால்க்காவுக்கோ ஒவ்வொன்றும் தனி மனிதரைப் போல அறிமுகமாயிற்று. அவர் இசைத்தட்டுகளைச் செவிமடுக்கையில், நடுவே மறைந்து செல்லும் குரலையும் எம்மாற் பின்தொடர முடிகின்றது.

யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1947இல், குண்டுவீச்சினாற் சிதைந்திருந்த லூபெக் நகரில், தப்பிப் பிழைத்த யாக்கோபு தேவாலயத்துச் சிறிய ஓர்கனில் அவரது பாக் ஒலிப்பதிவு ஆரம்பமாயிற்று. பின்னர் கப்பெல் என்னும் சிற்றூரில், ஆர்ப் ஷ்னிட்கர் 1680இல் அமைத்த ஓர்கனில் அது தொடர்ந்தது. 1956 முதல் 1971 வரை, நெதர்லாந்தின் அல்க்மாரிலும் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க்கிலும் உள்ள ஓர்கன்களில் இரண்டாம் தடவையாக அப்படைப்புகளைப் பதிவு செய்தார். பிரமாண்டமான ஒலியை நாடாது, பழைய ஓர்கன்களின் தெளிந்த குரலை உலகம் மீண்டும் மதிக்கச் செய்ததில் இப்பதிவுகளுக்குப் பெரும் பங்குண்டு.

அவர் வாசிப்பு இறுக்கமானது, உணர்ச்சி வெளிப்பாடு குறைந்தது என்போரும் உளர். பிற்கால இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகரின் படைப்புகளை அவர் ஒதுக்கியமையும் சர்ச்சைக்குள்ளானது. இக்குறைகளை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆயினும், உணர்ச்சியைக் கேட்போர் மீது திணியாது, இசையின் கட்டமைப்பே பேசட்டும் என்று விலகி நிற்பதும் ஒரு தவமே. பாக் முடிக்காது விட்ட ‘ஃபியூக் கலை’யின் இறுதிப் பகுதிக்குத் தாமே ஒரு நிறைவை இயற்றும் துணிவும் அவருக்கிருந்தது.

1991 ஆகஸ்ட் மாதம் பிராங்பேர்ட்டில் அவர் மறைந்தார். ஏடுகளும் நூலகங்களும் அழியக்கூடியன. ஒருவர் செவிவழி பெற்று உள்ளத்தில் இருத்தியதை எவராலும் பறித்துவிட முடியாது. பிள்ளைகளுக்கு மொழியையும் பாட்டையும் வாய்மொழியாகவே கையளிக்கும் எம்மவருக்கு இவ்வுண்மை புதிதன்று. தேவாலயமொன்றில் ஓர்கன் இசை ஒலிக்கக் கேட்டால், மதம் வேறாயினும் தயங்காது உட்சென்று அமருங்கள். ஒரு குரலை மட்டும் தெரிந்து, முடிவுவரை அதன் பின்னே செல்லுங்கள். வால்க்கா கற்றதும் அவ்வழியே.