ஏ.சி. வாரண்டி கேட்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். படம் பார்ப்போம், பாட்டு கேட்போம், கரண்ட் பில் கட்டுவோம். பேரன் வந்தால் கேம்ஸ். கடலூரில் என் பெற்றோர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஓய்வு பெற்ற அப்பாவுக்காக 2025 ஜனவரியில் ஒரு டெஸ்க்டாப்பும், ஸ்கேனருடன் சேர்ந்த பிரிண்டர் ஒன்றும் வாங்கி வைத்தேன். மூன்றே மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டர் எங்களுக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாயை மிச்சப்படுத்தியது.

2022 மே மாதம் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. அது. 2025 ஏப்ரல் 21 அன்று திடீரென நின்றுபோனது. உள்ளே காற்று வருகிறது, குளிர் வரவில்லை. வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட் ஓடவே இல்லை. மற்ற நேரமாக இருந்தால் ஃபேனைப் போட்டுச் சமாளித்திருப்பார்கள். அம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கட்டுப் போட்ட காலுடன் அதே அறையில் படுத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்தார். அவுட்டோர் யூனிட்டைத் திறந்து பார்த்தார். "பிசிபி போயிடுச்சு சார். பல்லி உள்ள போயிருக்கு. இதுக்கு வாரண்டி கிடையாது. போர்டு 9,800 ரூபாய்" என்றார். "மொபைல்ல ஒரு கோடு வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்று கேட்டு, அப்பா சொன்ன எண்ணைத் தன் போனில் பதிந்துகொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த நிமிடம் எஸ்எம்எஸ் வந்தது: உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது!

அப்பா எனக்குப் போன் செய்து சொன்னார்: "பல்லி விழுந்தா பஞ்சாங்கத்துல பலன் பார்ப்போம். இது புதுப் பலனா இருக்குப்பா. விடு, பணத்தைக் கட்டிடலாம். அம்மா கஷ்டப்படுறா."

கட்ட வேண்டாம் என்றேன். காரணம், வாரண்டி கார்டை அவர் ஸ்கேன் செய்து எனக்கு இமெயிலில் அனுப்பியிருந்தார். ஸ்கேனர் பழகுவதற்காக அவருக்கு நான் கொடுத்த ஹோம்வொர்க் அது.

கார்டில் என்ன இருக்கிறது?

கடையில் நம்மிடம் சொல்வது "பத்து வருஷ வாரண்டி" என்ற ஒரே வார்த்தை. கார்டைப் படித்தால் அது மூன்று, நான்கு துண்டுகளாக இருக்கும். பெரும்பாலான கம்பெனிகளில் முழு ஏ.சி.க்கும் ஒரு வருடம், பிசிபி எனப்படும் எலெக்ட்ரானிக் போர்டுக்கு ஐந்து வருடம், கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் என்று பிரித்திருப்பார்கள். கம்ப்ரஸருக்கு என்றால் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். அதை மாற்றும்போது நிரப்ப வேண்டிய கேஸ், வெல்டிங், கூலி ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் நாம்தான் பணம் தர வேண்டும். இதனால்தான் "பத்து வருஷ வாரண்டி" உள்ள ஏ.சி.க்கும் ஆறாவது வருடத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குப் பில் வருகிறது. அதை மோசடி என்று சொல்ல முடியாது. கார்டில் பொடி எழுத்தில் இருக்கிறது, நாம் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கார்டில் பிசிபிக்கு ஐந்து வருடம் என்று தெளிவாக இருந்தது. மூன்று வருடம்கூட முடியவில்லை. விலக்குப் பட்டியலில் "எலி, பூச்சி போன்றவற்றால் ஏற்படும் சேதம்" என்ற வரியும் இருந்தது. பல்லி பூச்சியா என்று வாதாடலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பல்லி எங்கே?

சர்வீஸ் ஆள் யூனிட்டைத் திறந்து வைத்திருந்தபோது அப்பா மொபைலில் நான்கு படங்கள் எடுத்திருந்தார். வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தவை மங்கலாக இருந்தன. வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். படம் எடுத்த தேதி போன்ற விவரங்களும் அதில் போய்விடும். ஆகவே மொபைலை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து ஒரிஜினல் பைல்களைக் காப்பி செய்யச் சொன்னேன். அந்த பைலில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீட்டெய்ல்ஸ் டேபைப் பார்த்தால் படம் எடுத்த நாளும் நேரமும் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தோம். போர்டில் ஓர் இடத்தில் கருகிய தடம் இருந்தது. பல்லியும் இல்லை, அதன் வாலும் இல்லை.

வெள்ளையாகிப் போன பில்

அப்பா தபால் துறையில் வேலை பார்த்தவர். எதற்கும் ரசீது வைத்திருப்பார். ஏ.சி. வாங்கிய பில்லும் பைலில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதில் ஓர் எழுத்துகூட இல்லை! தெர்மல் பேப்பரில் அடித்த பில் அது. வெப்பம் பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய காகிதத்தில் மை இல்லாமல் அச்சடிப்பதால் நாள்பட அது மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று சிலர் லேமினேஷன் செய்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் பில் முழுவதும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். 300 டிபிஐ போதும். பிடிஎப் ஆக சேவ் செய்யுங்கள்.

எங்களுக்குக் கடைக்காரர் உதவினார். கார்டு மூலம் பணம் செலுத்திய தேதியை வங்கியின் தளத்தில் பழைய ஸ்டேட்மெண்டில் கண்டுபிடித்து, அதைச் சொன்னதும் ஜிஎஸ்டி பில்லின் நகலை இமெயிலில் அனுப்பிவிட்டார்.

இப்போது ஒரு போல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதில் போட்டோம். பைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். "2025-04-23 போர்டு படம்" என்பது போல. போல்டரில் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் நடந்தது எல்லாம் நடந்த வரிசையிலேயே வந்து நிற்கும். இன்டோர், அவுட்டோர் யூனிட் இரண்டிலும் உள்ள சீரியல் எண் ஸ்டிக்கர், புகார் எண் வந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவையும் அதில் போயின. கம்பெனியின் இணையதளத்தில் உள்ள வாரண்டி பக்கத்தையும் விடவில்லை. கன்ட்ரோல், பி கீகளை அழுத்தி, பிரிண்டர் பெயருக்குப் பதிலாக மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கம் அப்படியே பைலாகிவிடும். நாளை அவர்கள் அந்தப் பக்கத்தை மாற்றினாலும் இன்று இருந்தது நம்மிடம் இருக்கும்.

அந்தக் கோடு

நாங்கள் செய்த பெரிய தவறு அந்தக் கோடைக் கொடுத்ததுதான். பல கம்பெனிகளில் வேலை திருப்தியாக முடிந்தது என்பதற்கு அடையாளமாக வாடிக்கையாளரின் மொபைலுக்கு ஓர் எண் வரும். சிலர் அதை ஹேப்பி கோடு என்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும். ஏ.சி. ஓடாமல், பணம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. "என்ன கோளாறு, ஏன் வாரண்டி இல்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் சிலருக்குப் பல்லி மறந்துவிடும்.

இன்னோர் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். போலி நம்பர்களை இணையத்தில் போட்டுவைத்துக் காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்பார்கள், ஏதாவது ஒரு ஆப் இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். அதன் வழியாக உங்கள் ஸ்கிரீன் அவர்களுக்குத் தெரியும், பிறகு வங்கிக் கணக்கு காலி. வாரண்டி கார்டில் அச்சிட்ட நம்பரை மட்டும் பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

போனை வைத்துவிட்டு இமெயில் எழுதுங்கள்

நான் சென்னையிலிருந்து இரண்டு நாள் போனில் சண்டை போட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்தார், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னேன். அழைப்பை அவர்கள் பதிவு செய்துகொள்கிறார்கள், நம் கையில் ஒன்றும் இல்லை. ஏப்ரல் 26, சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பா ஒரே வரியில் சொன்னார்: "ஒப்புகை அட்டை இல்லாம கடிதம் போட்டா, போடாத மாதிரிதான்டா."

மறுநாள் இரவு இருவருமாக உட்கார்ந்து இமெயில் எழுதினோம். கோபத்துடன் நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை அப்பா பத்து வரியாக வெட்டினார். மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி, புகார் எண். போர்டுக்கு ஐந்து வருட வாரண்டி என்று கார்டில் உள்ள வரி. பல்லி என்று காரணம் சொல்லப்பட்டது, படங்களில் அப்படி எதுவும் இல்லை. புகார் தீர்ந்ததாகப் பதிவு செய்தது தவறு, ஏ.சி. ஓடவில்லை. வாரண்டி கிடையாது என்றால் கார்டில் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும். ஏழு நாளில் பதில் வேண்டும். இவ்வளவுதான். அம்மாவின் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு வரி எழுதினோம், அதையும் அப்பா எடுத்துவிட்டார். "வாரண்டி நம்ம உரிமை. பரிதாபப்பட்டுத் தர வேணாம்" என்றார். எனக்கு அதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. படிப்பவரும் மனிதர்தானே!

அட்டாச்மெண்ட் விஷயத்தில் ஒரு குறிப்பு: ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் இணைக்க முடியும். ஸ்கேன் செய்த பைல்கள் பெரிதாக இருந்தால் அந்த அளவைத் தாண்டிவிடும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் குறையும்.

தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, வேறு எதுவும் வரவில்லை. மே 4 அன்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது, எங்கள் ஏழு நாளும் முடிந்தது. மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு புகார் கொடுத்தோம். இது மத்திய அரசு நடத்துவது. தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் 1915 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. அந்த போல்டரில் இருந்த பைல்களை அப்படியே அப்லோட் செய்ததும் ஒரு புகார் எண் கிடைத்தது.

இந்த மையம் கோர்ட் அல்ல. யாருக்கும் உத்தரவு போடாது, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும். ஆனாலும் கம்பெனியில் வேறொரு மேஜைக்கு நம் புகார் போய்ச் சேர்கிறது. எங்களுக்கு நான்காவது நாள் ஒரு பெண் அதிகாரி தாமாகவே போன் செய்தார். இமெயிலை முழுவதும் படித்திருந்தார். பல்லியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மே 14 அன்று புது போர்டு வந்தது.

அப்படியும் நடக்காவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு ஒரு வசதி செய்திருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற தளத்தின் மூலம் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆகவே அம்மா வியர்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு ஒரு வழி கூடுதலாக உண்டு. விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்று 2020 இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. அவர் பெயரும் இமெயிலும் அந்தத் தளத்திலேயே இருக்க வேண்டும்.

போர்டு இலவசமாக வந்தாலும் மாட்டிய கூலி 500 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 590 ரூபாய் கொடுத்தோம். முதல் வருடத்துக்குப் பிறகு கூலி நம்முடையது என்று கார்டில் இருக்கிறது, அதனால் வாதாடவில்லை. இழந்த மூன்று வாரத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த முறை சர்வீஸ் ஆள் கோடு கேட்டபோது, அப்பா ஏ.சி.யை அரை மணி நேரம் ஓட விட்டு, புது போர்டின் சீரியல் எண்ணை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் "குளிருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னாராம். அந்த ஜாப் ஷீட் இப்போது போல்டரில் கடைசி பைலாக இருக்கிறது. போர்டுக்கு 2027 மே வரை, கம்ப்ரஸருக்கு 2032 மே வரை வாரண்டி பாக்கி. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் பில்களையும் அப்பா ஸ்கேன் செய்ய ஆரம்பித்துவிட்டார். 1998-இல் வாங்கிய மிக்ஸியின் பில்கூட அதில் இருக்கிறது.