கம்ப்யூட்டர் எடுக்கல: அன்றும் இன்றும்

1997-இல் தஞ்சாவூரில் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி வினாத்தாள் எல்லாம் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் உருவாகும். தமிழ் எழுத்துரு மென்பொருளோடு தீப்பெட்டி அளவில் ஒரு 'லாக்' கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் 25 துளை கொண்ட பிரிண்டர் போர்ட்டில் அதைச் செருகி, அதன் முதுகில் பிரிண்டர் கேபிளை மாட்டி, இருபுறமும் திருகை முறுக்க வேண்டும். திருகு நெகிழ்ந்திருந்தால் மென்பொருள் திறக்காது. காலையில் முதலாளி, "தம்பி, லாக்கை எடுக்கலடா" என்று குரல் கொடுப்பார். நான் ஸ்க்ரூடிரைவரோடு மேஜைக்கு அடியில் புகுவேன்.

அப்போது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி வாய். கீபோர்டுக்கு ஐந்து முனை வட்டம். மவுஸுக்கு ஒன்பது முனை சீரியல் போர்ட். கம்ப்யூட்டரை நிறுத்தாமல் கீபோர்டைப் பிடுங்கிச் செருகினால் மதர்போர்டிலுள்ள சிறு ஃபியூஸ் போய்விடலாம். ஆன் செய்ததும் கீபோர்டு கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கடினமான பழுது வேறு. கருவி ஒவ்வொன்றும் செயலியைக் கூப்பிட ஓர் எண் உண்டு, ஐ.ஆர்.க்யூ. என்போம். காம் 1, காம் 3 என்ற சீரியல் போர்ட்கள் இரண்டுக்கும் வழக்கமாக 4-தான். மவுஸ் காம் 1-இல் இருக்க, மோடம் கார்டு காம் 3-இல் உட்கார்ந்தால், மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் உறைந்துவிடும். கேபினெட்டைக் கழற்றி, கார்டில் ஜம்பர் என்னும் சிறு இணைப்பியை நகத்தால் பிடுங்கி இடம் மாற்றுவோம். யாருக்கு எந்த எண் என்று முதலாளி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கேபினெட்டின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். நான் தொழில் கற்றது அந்தத் தாளில்.

இந்தப் பாடுகளை ஒழிக்கத்தான் யு.எஸ்.பி. பிறந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 1996 ஜனவரியில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டன. இன்டெலில் அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் பரோடாவில் படித்த அஜய் பட். எளிதில் பலிக்கவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நிற்க, விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டியபோது திரை நீலமாகி நின்றது. பென் டிரைவ் வந்த புதிதில் அதே விண்டோஸ் 98-க்குத் தனி டிரைவர் ஏற்ற வேண்டியிருந்தது. எக்ஸ்பி பரவிய பிறகே செருகியவுடன் வேலை செய்வது இயல்பானது.

இப்போது எங்கள் ஊரில் ஒரு சேவை மையத்துக்கு அவ்வப்போது உதவப் போகிறேன். போன நவம்பரில் ஒருநாள் காலை, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்று தர ஆறேழு முதியவர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் கைரேகைக் கருவியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். "சார், நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலையில ஆன் பண்ணதும் எடுக்கவே மாட்டேங்குது. புதுசு வாங்கச் சொல்லிடவா?"

வாங்க வேண்டாம் என்றேன். யு.எஸ்.பி.யில் செருகுவது என்பது ஓர் அறிமுகம். கருவிக்குள் இருக்கும் ஒரு சிறு மின்தடை, தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தும். 'வந்துவிட்டேன்' என்பதற்கு அதுவே அடையாளம். கம்ப்யூட்டர் 'நீ யார்' என்று கேட்கும். கருவி தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் தன் வகை எண்ணையும் சொல்லும். 1 முதல் 127 வரை ஒரு முகவரி அதற்குக் கிடைக்கும். கடைசியில் பொருத்தமான டிரைவர் வந்து சேரும். எடுக்கவில்லை என்றால் இந்தப் பேச்சு எங்கோ அறுந்திருக்கிறது.

அறுந்த இடத்தை விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் காட்டிக்கொடுக்கும். செருகியும் பட்டியலில் ஓர் அசைவும் இல்லையா? கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். சார்ஜ் செய்ய மட்டுமான கேபிளில் தரவுக் கம்பியே இருக்காது. முன்பக்கப் போர்ட் உள்ளே ஒரு கம்பி வழியாக நீள்கிறது. பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. ஆகவே பின்னால் மாற்றிப் பாருங்கள். 'அன்நோன் டிவைஸ்' என்று வந்து 43 என்ற எண்ணைக் காட்டுகிறதா? கருவி வந்தது, தன்னைச் சரியாகச் சொல்லவில்லை. மின்சாரம் போதாமையோ, கருவி தனக்குள் சிக்கி நின்றதோ காரணமாகலாம். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். ஒரே ஹப்பில் நாலு கருவி தொங்கினால் பற்றாது. பெயர் சரியாக வந்து 28 என்ற எண் இருந்தால் டிரைவர் இல்லை.

காலையில் மட்டும் எடுக்காதது தனிக் கதை. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஷட் டவுன் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுவதற்காக, தன் மைய நிலையை டிஸ்கில் பதித்துவிட்டுப் படுக்கிறது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நேற்றைய சிக்கலும் கூடவே எழலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அந்தப் பெண்ணை ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். கருவியின் விளக்கு எரிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரவைக்கும் அமைப்பின் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்; பவர் ஆப்ஷன்ஸில் அதன் டிக்கை எடுத்துவிட்டோம். சும்மா இருக்கும்போது போர்ட்டை உறங்கவைக்கும் அமைப்பையும் நிறுத்தினோம். பெஞ்சில் முதலில் இருந்த பெரியவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடியில் வைத்தார், ரேகை பதிந்தது.

டி.டி.பி. கடை நாட்களில் கருவியின் எண்ணை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். உழைப்பு அதிகம், ஆனால் எது எங்கே இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியும். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரும் கருவியும் தமக்குள் முடித்துக்கொள்கின்றன. இது பெரிய வரம்; திருகும் ஜம்பரும் திரும்ப வேண்டாம். அறிவது நின்றுபோனதுதான் என் கவலை. எடுக்காத கருவி உடனே பழுதென்று ஒதுக்கப்படுகிறது. காசில்லாத மையத்தில் அன்றைய வேலையே நின்று, பஸ் ஏறி வந்த முதியவர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்: முதலில் ரீஸ்டார்ட். பின்பக்கப் போர்ட். வேறு கேபிள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் எண். எழுதி முடித்து, அடுத்து வேலைக்கு வருபவர் கண்ணில் படும்படி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினார். எங்கள் முதலாளி கேபினெட்டுக்குள் ஒட்டிய தாளுக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஒரு வாரிசு கிடைத்தது.