லாரியில் கூடுதல் சுவிட்ச்

சரக்கு ஏற்றிச் செல்வது மட்டும்தான் லாரியின் வேலையா? இல்லை. டிப்பர் லாரி ஜல்லியைக் கொட்டுகிறது. தண்ணீர் லாரி பம்பை ஓட்டுகிறது. குப்பை லாரி குப்பையை அமுக்குகிறது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் போர்வெல் லாரிகள் பல மாநிலங்களுக்கும் சென்று பூமியைத் துளைக்கின்றன. இவை எல்லாம் நின்ற இடத்தில் வேலை செய்யும் வண்டிகள்.

இந்த வண்டிகளுக்கு இரண்டு வசதிகள் கூடுதலாகத் தேவை. ஒன்று, இரவில் வேலை செய்ய விளக்கு. இன்னொன்று, வண்டி நிற்கும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் ரேஸ் கொடுக்கும் வசதி. இரண்டுக்கும் டாஷ்போர்டில் புதிய சுவிட்ச் போடுகிறார்கள்.

சுவிட்ச் போடுவது எளிது. ஆனால் காவல் இல்லாத சுவிட்ச் ஆபத்தானது. அது லாரியை எரித்துவிடும். ஆளையும் கொன்றுவிடும். காவல் வைப்பது எப்படி? தெரிந்துகொள்வோம்.

வயர் எவ்வளவு தாங்கும்?

ஒரு பட்டறையில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

"அண்ணே, பின்னாடி நாலு லைட் மாட்டணும். ஹெட்லைட் வயரிலேயே சேர்த்துக் கட்டிடலாமா?" என்கிறார் கிளீனர்.

"கூடாது தம்பி. அந்த வயரை ஹெட்லைட்டுக்குன்னு அளந்து போட்டிருக்காங்க. இன்னும் நாலு லைட்டை அது தாங்காது. சூடாகி உருகிடும்" என்கிறார் எலக்ட்ரீஷியன்.

அவர் சொல்வது சரி. வயர் என்பது தண்ணீர்க் குழாய் போன்றது. பெரிய தோட்டத்துக்குச் சின்னக் குழாய் போதாது. மின்சாரம் அதிகமாக ஓடினால் மெல்லிய வயர் சூடாகும். மேல் உறை உருகும். பிறகு தீப்பிடிக்கும்.

எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று நாமே கணக்குப் போடலாம். விளக்கின் வாட்டை வண்டியின் வோல்ட்டால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஆம்பியர்.

பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து 24 வோல்ட். ஒரு விளக்கு 70 வாட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு விளக்குக்கு 280 வாட். 280ஐ 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 ஆம்பியர். இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும்.

அதே 280 வாட்டை 12 வோல்ட் உள்ள சின்ன வண்டியில் போட்டால் 23 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு இன்னும் தடித்த வயர் வேண்டும். எல்.இ.டி. விளக்குக்கு வாட் குறைவு. அதனால் வயருக்கும் பேட்டரிக்கும் சுமை குறைவு.

வண்டிக்கு என்றே விற்கும், பல இழைகள் கொண்ட வயரை வாங்குங்கள். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். லாரியின் அதிர்ச்சியில் அது ஒடிந்துவிடும்.

முதல் காவல்: பியூஸ்

வயர் எங்கோ உரசுகிறது. உறை கிழிகிறது. கம்பி சேஸிஸ் இரும்பைத் தொடுகிறது. அப்போது என்ன ஆகும்? பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சில நொடிகளில் வயர் பழுக்கக் காய்ந்துவிடும். பக்கத்தில் டீசல் டியூப் இருந்தால் லாரியே எரியும்.

பியூஸ் இருந்தால் அது முதலில் உருகும். மின்சாரம் நின்றுவிடும். பியூஸ் எரிந்தால் கோபப்படாதீர்கள். அது தன் உயிரைக் கொடுத்து உங்கள் லாரியைக் காப்பாற்றியிருக்கிறது.

பியூஸ் மேல் எண் இருக்கும். தட்டையான பியூஸ்களுக்கு நிறமும் உண்டு. 10 ஆம்பியர் சிவப்பு. 15 ஆம்பியர் நீலம். 20 ஆம்பியர் மஞ்சள். 30 ஆம்பியர் பச்சை. நமது நான்கு விளக்குக்கு 12 ஆம்பியர் ஓடுகிறது. எனவே 15 ஆம்பியர் நீல பியூஸ் போடலாம்.

பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள் வையுங்கள். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. அந்த வயர் சின்னதாக இருப்பது நல்லது.

சிலர் பியூஸ் எரிந்ததும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவார்கள். சிலர் கம்பித் துண்டைச் செருகுவார்கள். அது காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போல. ஒருபோதும் செய்யாதீர்கள். பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் வயரில் கோளாறு இருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது காவல்: ரிலே

12 ஆம்பியரையும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஓட விடலாமா? விட்டால் சின்ன சுவிட்ச் கருகிப்போகும். அதனால்தான் நடுவில் ரிலே வைக்கிறோம்.

ரிலே ஒரு சின்னப் பெட்டி. உள்ளே காந்தச் சுருள் இருக்கும். சுவிட்சைப் போட்டால் சுருளுக்கு மிகக் குறைந்த மின்சாரம் போகும். காந்தம் உள்ளே இருக்கும் தகட்டை இழுக்கும். அப்போது பெரிய மின்சாரம் விளக்குக்குப் போகும். சுவிட்ச் உத்தரவு மட்டும் போடுகிறது. சுமையை ரிலே தாங்குகிறது.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். அவற்றைப் படித்து இணைக்க வேண்டும்.

30: பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர்.
87: விளக்குக்குப் போகும் வயர்.
86: சுவிட்சிலிருந்து வரும் வயர்.
85: எர்த் வயர்.

24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் ரிலேதான் வாங்க வேண்டும். 12 வோல்ட் ரிலே போட்டால் சுருள் எரிந்துவிடும். சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தைச் சாவிக்குப் பிறகு, பியூஸ் உள்ள இடத்திலிருந்து எடுங்கள். சாவியை எடுத்தால் விளக்கும் அணையும். காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்காது.

எர்த் வயரைப் பெயின்ட் மேல் முறுக்காதீர்கள். பெயின்டைச் சுரண்டி, சுத்தமான இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். விளக்கு மங்கலாக எரிந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

ஒரு பேட்டரியில் மட்டும் எடுக்காதீர்கள்

ரேடியோ, செல்போன் சார்ஜர் போன்றவை 12 வோல்ட்டில் ஓடுபவை. பல லாரிகளில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் இதற்கு வயர் எடுத்திருப்பார்கள். இது தவறு. ஒரு பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். மற்றொன்றுக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும். கடைசியில் இரண்டுமே கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வர்ட்டர் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கிப் போடுங்கள்.

நின்ற வண்டிக்கு ரேஸ் எதற்கு?

டிப்பர் பாடியைத் தூக்குவது ஹைட்ராலிக் ஜாக்கி. ஜாக்கிக்கு ஆயில் தள்ளுவது ஒரு பம்ப். அந்தப் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. கியர் பெட்டியிலிருந்து அந்தச் சுற்றை எடுத்துக் கொடுக்கும் பாகத்துக்கு பி.டி.ஓ. என்று பெயர். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பம்ப் கொஞ்சம் ஆயில்தான் தள்ளும். பாடி மெதுவாக ஏறும். ஆகவே எஞ்சினுக்குக் கொஞ்சம் ரேஸ் தேவை. எவ்வளவு என்பது கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் கொடுத்தால் ஆயில் சூடாகும். பம்ப் தேயும்.

பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இருக்கும். சிலர் பெடல் மேல் கல்லை வைப்பார்கள். சிலர் கயிறு கட்டுவார்கள். இதில்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான். கல் இருப்பதை மறந்து கியரைப் போட்டால் வண்டி பாயும். பின்னால் நின்று சைகை காட்டும் கிளீனர் என்ன ஆவார்?

மூன்று பூட்டு

ரேஸ் சுவிட்சுக்கும் காவல் வேண்டும். ஒரு கதவுக்கு மூன்று பூட்டு போட்டால் மூன்றையும் திறந்தால்தான் உள்ளே போகலாம். அதுபோல மூன்று சுவிட்சுகளை ஒரே வரிசையில் இணைக்க வேண்டும்.

முதல் சுவிட்ச் ஹேண்ட் பிரேக்கில். இரண்டாவது கியர் நியூட்ரலில். மூன்றாவது டிரைவர் கையில். மூன்றும் சேர்ந்தால்தான் ரேஸ் ஏறும். ஹேண்ட் பிரேக்கை எடுத்தால் ரேஸ் உடனே இறங்கும். கியரைப் போட்டாலும் இறங்கும். மனிதன் மறந்தாலும் வயர் மறக்காது. இந்த வேலையை அனுபவம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

புதிய வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் புதிய வண்டிகளுக்கு பி.எஸ்.6 புகை விதி வந்தது. இந்த லாரிகளில் எஞ்சினைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. பெடலிலிருந்து கேபிள் போகாது. செய்திதான் போகும். இங்கே எந்த வயரையும் வெட்டி ஒட்டாதீர்கள். பல மாடல்களில் ரேஸ் ஏற்றும் வசதி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் அதைத் திறந்து கொடுப்பார்கள்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பெரிய மாற்றம் என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

1. வயர் வேலைக்கு முன் எஞ்சினை நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கடைசியில் மாட்டுங்கள்.
2. சைலன்சர் பக்கமோ டீசல் டியூப் பக்கமோ வயரைக் கொண்டுபோகாதீர்கள். ஓட்டை வழியாக வயர் போனால் ரப்பர் வளையம் போடுங்கள்.
3. ரோட்டில் ஓடும்போது வேலை விளக்கை அணையுங்கள். பின்னால் வருபவருக்குக் கண் கூசும்.
4. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகை ஆளைக் கொல்லும்.
5. பாடியைத் தூக்கும் முன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.
6. முட்டுக் கொடுக்காமல் தூக்கிய பாடிக்கு அடியில் போகாதீர்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு லாரி 24 வோல்ட். அதில் 48 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு மாட்ட வேண்டும். மொத்தம் எத்தனை வாட்? எத்தனை ஆம்பியர் ஓடும்? என்ன நிற பியூஸ் போடலாம்?

(விடை: 192 வாட். 8 ஆம்பியர். 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ்.)