உஷார்! வலி மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்

வீட்டில் முற்றிய நோயோடு யாராவது படுத்திருக்கிறார்களா? அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

எனக்குத் தெரிந்த வீடு அது. அறுபது தாண்டிய அம்மா. மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. "இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க" என்று சொன்ன டாக்டர், மார்ஃபின் மாத்திரையும் மலமிளக்கி மருந்தும் எழுதிக் கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று தெளிவாகத்தான் சொன்னார்.

பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் பதறினார். "ஐயோ, அது போதை மாத்திரையாச்சே! பழகிட்டா விடாதே!" மகளுக்குப் பயம் வந்துவிட்டது. மாத்திரை பீரோவுக்குள் போனது. அம்மா வலி தாங்காமல் கத்தினால் மட்டும் ஒன்று. மலமிளக்கியைத் திறக்கவே இல்லை. "குடிக்கிறதே ரெண்டு வாய் கஞ்சி, அதுக்கு எதுக்கு இது?"

ஒன்பது நாள் மலம் போகவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. சிறுநீரும் அடைத்தது. பத்தாம் நாள் அம்மா பிதற்ற ஆரம்பித்தார். என்றோ இறந்துபோன தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "நேரம் வந்துடுச்சு" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போனது. பால் ஊற்ற ஆட்களும் கூடிவிட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் வந்தார். வயிற்றைத் தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் போனில் பேசி, எனிமா கொடுத்து, சிறுநீருக்குக் குழாய் போட்டார். இரண்டாம் நாள் காலை அந்த அம்மா மகளைக் கூப்பிட்டு காபி கேட்டார். அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார், பேசிக்கொண்டும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டும். மகள் இன்னும் அந்தப் பத்து நாளை நினைத்துத்தான் அழுகிறாள்.

மார்ஃபினுக்குப் பயந்து வலியில் விட்டுவிடாதீர்கள்! டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுக்கும்போது நோயாளிகள் போதைக்கு அடிமையாவது மிக அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது சுமார் 4 மணி நேரம்தான். கத்திய பிறகு கொடுத்தால் வலி முந்திக்கொள்ளும். கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் இந்த மருந்தை மருத்துவமனைகள் வாங்கி வைப்பது சற்றே எளிதானது. அப்படிக் கைக்கு வந்த மருந்து அது.

மலச்சிக்கல் தானாகச் சரியாகாது! குமட்டலும் தூக்கமும் சில நாளில் குறையும். இது குறையாது. முதல் மாத்திரையோடு மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சாப்பிடாவிட்டாலும் குடலில் மலம் சேரும். மூன்று நாள் போகவில்லையா? உடனே சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகப் போகிறதே என்றும் ஏமாறாதீர்கள். உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றிக்கொண்டு கசிவதாகவும் இருக்கலாம்.

புதிதாக முதுகுவலி, கால் துவளுகிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை! புற்றுநோய் தண்டுவடத்தை நசுக்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டிய அறிகுறி இது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாமதித்தால் காலில் பலம் திரும்ப வராமலே போகலாம்.

எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக வருகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது! மருந்து அளவு மீறியிருக்கலாம். அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தோலில் ஒட்டும் வலி மருந்துப் பட்டை போட்டிருந்தால் அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூட்டில் மருந்து அதிகமாக உடம்பில் இறங்கிவிடும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். தரையில் கிடந்து குழந்தை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து!

இடுப்புக்குக் கீழே, குதிகாலில் சிவப்புத் தெரிகிறதா? விரலால் அழுத்தினால் மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், இரவிலும்.

பால் ஊற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசத்தில் செய்வதுதான், தெரியும். ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். திணறிப்போவார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் வையுங்கள், போதும்.

இதையெல்லாம் தனியாகச் சுமக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே பெயரைக் கொடுங்கள்.

மாத்திரை மிஞ்சிவிட்டால் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். மூட்டுவலி என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்!